அயன் லங் விளையாடினவங்க வாங்க, உங்களுக்குப் பயம் எந்த இடத்தில பிடிச்சது? (ஸ்பொய்லர் இருக்கு)

உட்துறைமுகம்
அயன் லங் பற்றி அங்கங்க "செம பயம்", "சரியா போர் அடிக்குது" எண்டு ஒற்றை வரிதான் கிடக்கு, ஒருத்தரும் வடிவாக் கதைக்கேல்ல, அதால தனியா ஒரு இழை தொடங்குறன். விளையாடாதவங்க இந்த முதல் பதிவோட நிப்பாட்டுங்க, கீழ போகப் போக கடைசிக் கட்டம் வரைக்கும் கதைக்கப் போறம்.

தெரியாதவங்களுக்காகச் சொல்றன், 2022 மார்ச்சில வந்த கேம், டேவிட் ஸிமான்ஸ்கி எண்டவர் செய்தது, 2018இல டஸ்க் செய்தாரே அதே ஆள்தான். முடிக்க ஒரு மணித்தியாலம் காணும், ஒவ்வொண்டையும் பார்த்துப் பார்த்துப் போனா கொஞ்சம் கூடப் போகும். வானத்தில இருந்த நட்சத்திரங்கள், மனிசர் இருக்கக்கூடிய கிரகங்கள் எல்லாம் ஒரேயடியாக் காணாமப் போயிட்டு, விண்வெளி நிலையங்களிலயும் கப்பல்களிலயும் இருந்த கொஞ்சப் பேர்தான் மிச்சம். ஏடி-5 எண்ட ஒரு நிலவில இரத்தத்தால ஒரு கடல் கிடக்கு. ஒரு கைதியப் பிடிச்சு ஒரு ஓட்டை நீர்மூழ்கிக்குள்ள போட்டு, கதவ வெல்ட் பண்ணி, கீழ போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தா விடுதலை எண்டு சொல்லி இறக்கி விடுறாங்க. அந்தக் கைதிதான் நாங்க. யன்னல் ஒண்டு இருக்கு, அழுத்தம் தாங்காதெண்டு அதையும் மூடிட்டாங்க. முன்னுக்கு பெனல், அதில முன்னால பின்னால போக, இடம் வலம் திருப்ப பட்டன், எக்ஸ் வை எண்டு இலக்கம், எந்தக் கோணத்தில நிக்கிறம் எண்டதுக்கு இன்னொரு இலக்கம். ஒரு மேப். பின்பக்கம் ஒரு பட்டன், அத அமத்தினா வெளியில இருக்கிற கமரா ஒரு படம் எடுத்து ஸ்கிரீனில காட்டும், அதுவும் மங்கலா, புள்ளி புள்ளியா. கேம் இவ்வளவுதான்.

நான் சொல்ல வாறது என்னெண்டா, இதில பயம் அந்த இரத்தக் கடலால வருதெண்டு நான் நினைக்கேல்ல. எங்கட கையில ஒரு வேலையத் தந்திருக்கிறாங்க, அதால வருது. மத்த ஹொரர் கேம்களில பயந்தா ஓடலாம், ஒளிக்கலாம், குறைஞ்சது டோர்ச்ச அடிச்சுப் பார்க்கலாம். இதில சுவருக்கு வெளியால ஏதோ உரசிக்கொண்டு போகுது, எனக்கு அந்த நேரம் வை இலக்கத்தப் பார்த்து இன்னும் எவ்வளவு போகணும், திரும்பினா பாறையில முட்டுமா எண்டு கணக்குப் பார்க்க வேண்டிக் கிடக்கு. கணக்க விட்டா முட்டும், கணக்குப் பார்த்தா சத்தத்தக் கேக்கேலாது, ரெண்டும் சேந்து நடக்கேக்கதான் நெஞ்சு அடிக்கத் தொடங்குது. ஒருக்கா கிட்ட ஏதோ இருக்கெண்டு லைட் பீப் பீப் எண்டு வேகமா அடிக்குது, மேப்பில அந்தப் பக்கம் சுவரே இல்ல. நான் பட்டன்ல இருந்து விரல எடுத்திட்டு அப்பிடியே இருந்தன், அதுக்கும் மேல ஒண்டும் நடக்கேல்ல, ஆனா அதுதான் எனக்கு இந்த கேமின்ட உச்சம்.

உங்களுக்கு எந்த இடம்? பிடிக்காதவங்களும் எழுதுங்க, ஏன் பிடிக்கேல்ல எண்டும் சொல்லுங்க.

சல்லிக்கரை
எனக்குப் பிடிக்கேல்ல, காரணம் சொல்றன். எங்கட அப்பா கடல் தொழில், இரவு இரவா ஜிபிஎஸ் இலக்கத்தப் பார்த்துத்தான் வலை போட்ட இடத்துக்குத் திரும்பப் போவார், நானும் லீவு நாளில கூடப் போயிருக்கன். எக்ஸ் இவ்வளவு, வை இவ்வளவு எண்டு பார்த்து வள்ளத்தத் திருப்புறது எனக்கு அன்றாட வேலை. அத கேம் எண்டு காசு குடுத்து வாங்கி ஒரு மணித்தியாலம் செய்யிறதில என்ன இருக்கு? பாதி நேரம் ஒண்டுமே நடக்கேல்ல. பட்டன அமத்து, பார்த்துக்கொண்டிரு, பட்டன அமத்து, பார்த்துக்கொண்டிரு. நான் வாங்கின நேரம் 6 டொலர், எங்கட காசுக்கு அது சும்மா இல்ல.

கிண்ணியாப்பாலம்
6 டொலருக்கு ஒரு மணித்தியாலம் எண்டு கணக்குப் போட்டா எந்தச் சின்ன கேமும் நட்டமாத்தான் தெரியும் தம்பி. எடித் ஃபிஞ்ச் (2017இல வந்த வாட் ரிமெயின்ஸ் ஒஃப் எடித் ஃபிஞ்ச்) ரெண்டு மணித்தியாலத்தில முடிஞ்சிரும், இப்பவும் அந்த மீன் வெட்டுற தொழிற்சாலைக் கட்டம் எனக்கு நினைவில நிக்குது. நாப்பது மணித்தியாலம் விளையாடின கேம் சிலதுகளின்ட பேரே மறந்து போச்சு. பி.டி. எண்ட ஹொரர் கேம் 2014இல சும்மா இலவச டெமோவா வந்தது, ஒரே கொரிடோர், திரும்பத் திரும்ப அதே கொரிடோர், அடுத்த வருசம் ஒன்லைன் கடையில இருந்தே தூக்கிட்டாங்க, எண்டாலும் அதுக்குப் பிறகு வந்த ஹொரர் கேம் எத்தினை அதப் பார்த்துச் செய்திருக்கு.

அயன் லங் நாலு மணித்தியாலம் இருந்திருந்தா நான் முதல் ஆளா திட்டியிருப்பன். அந்த பெனல் எங்கட கைக்குப் பழகின உடன பயம் போயிரும், பழகுற நேரத்துக்கு முதல் முடிக்கிறாங்க, அது தெரிஞ்சு செய்த அளவு.

சல்லிக்கரை
அண்ணன் எனக்கு பெனல் முதலே பழகினது எண்டதுதான் என்ட பிரச்சினை. மத்தாக்களுக்கு அது புதுசு, எனக்கு அது வேலை.

உட்துறைமுகம்
சல்லிக்கரை, உண்மையாவே கேக்கிறன், அப்பாவோட போகேக்க இரவில ஜிபிஎஸ் வேலை செய்யாமப் போனா எப்பிடி இருக்கும்? வள்ளத்தில இருந்தா தலைய நிமித்தினா கரையில லைட் தெரியும், கோணேசர் கோயில் பக்கம் வெளிச்சம் தெரியும், வெளிச்சவீடு தெரியும், காத்து எந்தப் பக்கம் எண்டு முகத்தில தெரியும். இலக்கம் பிழைச்சாலும் கண் இருக்கு. இந்த கேமில அந்தக் கண்ணத்தான் பிடுங்கி எடுத்திருக்கிறாங்க. இலக்கத்த நம்பிறத விட வேற வழியில்ல. அந்த வித்தியாசம் உங்களுக்குப் படேல்லையா?

சல்லிக்கரை
அது சரி. ஒருக்கா மழை மூடி, கரை ஒண்டும் தெரியாம நிண்டம், அப்பா ஒரு வார்த்தை கதைக்காம அந்தச் சின்ன ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தவர், அந்த நேரம் எனக்கு வயித்தக் கலக்கினது. ஆனா கேம் விளையாடேக்க அது வரேல்ல, கதிரையில இருக்கிறம் எண்டது மனசுக்குத் தெரியுது. போர் அடிக்குதெண்டு சொன்னத நான் மாத்த மாட்டன்.

நீலக்கண்ணாடி
நான் கேம் கனக்க விளையாடுற ஆள் இல்ல, மகன் போட்டுத் தந்தான். முந்தி கடலட்டைக்கும் சங்குக்கும் குளிச்ச ஆள், இப்ப நிலாவெளிப் பக்கம் வெளிநாட்டாக்கள டைவிங் கூட்டிப் போறன், அதால சத்தத்தப் பற்றி மட்டும் சொல்றன்.

தண்ணிக்குள்ள ஒரு சத்தம் எங்கயிருந்து வருதெண்டு சொல்லேலாது. காத்தில சத்தம் ஒரு செக்கனுக்கு 340 மீற்றர் அளவில போகும், கடல்தண்ணியில 1500 மீற்றர் அளவில போகும், நாலு மடங்குக்கும் மேல. தரையில ஒரு சத்தம் வலப் பக்கத்தால வந்தா வலக் காதுக்கு முதல் கேக்கும், பிறகுதான் இடக் காதுக்கு, அந்தத் துளி வித்தியாசத்த வைச்சுத்தான் மூளை திசையக் கண்டுபிடிக்குது. தண்ணிக்குள்ள ரெண்டு காதுக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரம் வந்திரும், அதோட மண்டை எலும்பாலயும் நேர உள்ளுக்க வரும். மேல ஒரு போட் ஓடினா அந்த எஞ்சின் சத்தம் உங்கட தலைக்குள்ளயே ஓடுற மாதிரி இருக்கும். முன்னுக்கா பின்னுக்கா, கிட்டவா தூரவா, ஒண்டும் பிடிபடாது. புதுசா வாறவங்க கீழ இருந்து அண்ணாந்து நாலு பக்கமும் தேடுவாங்க, போட் ஒரு பக்கமும் தெரியாது, சத்தம் மட்டும் கூடிக்கொண்டே வரும், அவங்கட கண்ணாடிக்குள்ள கண் பெருக்கிறத நான் பார்த்திருக்கன். அதுதான் நாங்க மேல வரேக்க கயித்தப் பிடிச்சு, மிதவைக்குக் கீழ நிண்டு, சத்தம் போன பிறகு தலையத் தூக்குறது.

புறாமலைப் பக்கம் குளிச்சவங்களுக்குத் தெரியும், கடலுக்குள்ள அமைதி எண்டு ஒண்டு இல்ல. கிளிமீன் முருகைக்கல்லக் கடிக்கிற சத்தம் கறுக் கறுக் எண்டு கேக்கும், அதோட ஒரு சின்ன இறால் வகை இருக்கு, அது கொடுக்கால அடிக்கிற சத்தம் எண்ணெயில எதையோ பொரிக்கிற மாதிரி எந்த நேரமும் கேட்டுக்கொண்டே இருக்கும். எங்களுக்கு எது என்ன சத்தமெண்டு தெரியும், அதால பயமில்ல. இந்த கேமில கேக்கிற சத்தம் ஒண்டும் எனக்குத் தெரிஞ்ச சத்தம் இல்ல. முனகுற மாதிரி ஒண்டு, தூரத்தில இரும்பு நெளியிற மாதிரி ஒண்டு. எது கப்பல், எது உயிர் எண்டு எனக்குப் பிரிச்சுப் பார்க்கேலாமப் போச்சு. அந்த இடத்தில நான் ஹெட்ஃபோனக் கழட்டிட்டன். மகன் சிரிச்சான், சிரிக்கட்டும். கடலில இவ்வளவு காலம் இருந்த ஆளுக்கு அது சும்மா சத்தம் இல்ல.

மடத்தடிச்சந்தி
அண்ணன் அருமையா எழுதியிருக்கிறீங்க. ஒண்டு மட்டும் சேர்க்கிறன், கேமில நாங்க தண்ணிக்குள்ள நேர இல்ல, காத்து இருக்கிற இரும்புப் பெட்டிக்குள்ள இருக்கிறம், அப்ப காது தரையில மாதிரித்தானே வேலை செய்யணும் எண்டு ஒருத்தர் கேக்கலாம். ஆனா இரும்புக்குள்ள சத்தம் தண்ணிய விட இன்னும் வேகமா, செக்கனுக்கு 5000 மீற்றருக்கு மேல ஓடும். வெளியில ஒரு இடத்தில தட்டினா முழுச் சுவரும் ஒண்டாத்தான் அதிரும். அப்ப உள்ளுக்க இருக்கிறவனுக்கு நாலு பக்கமும் இருந்து சத்தம் வரும். என்னெண்டு பார்த்தாலும் திசை தெரியாது, அண்ணன் சொன்ன அதே நிலைமைதான்.

சத்தத்த இவ்வளவு வடிவாச் செய்தவர் படத்தையும் அதே மாதிரிச் செய்திருக்கிறார். படம் எடுக்கிற பட்டன் பெனலில இருந்து தள்ளி, பின்னுக்கு இருக்கு, கவனிச்சனீங்களா? பெனலிலயே அந்த பட்டன வைச்சிருக்கலாம், வைக்கேல்ல. ஒவ்வொரு படத்துக்கும் எழும்பி, முதுக பெனலுக்குக் காட்டி, நடந்து போக வேணும். அந்த நாலடிதான் எனக்குப் பயம். படம் வந்தா அதில ஏதோ இருக்கு, அது இப்ப வெளியில இருக்கா, நான் பட்டன அமத்தின நேரம் மட்டும் இருந்ததா எண்டு தெரியாது. இன்னொரு படம் எடுத்தா இடம் வெறுமை. அப்ப எங்க போச்சு?

பாலையூத்து
எல்லாரும் சத்தம், பட்டன் எண்டு கதைக்கிறீங்க, நான் கதையப் பற்றிக் கதைக்கிறன், இது நரேட்டிவ் ஹொரர் எண்டுதானே எல்லாரும் சொல்றாங்க.

எனக்கு அயன் லங் விளையாடேக்க நல்லாப் பயமா இருந்தது, ரெண்டு நாளில போயிட்டு. மவுத்வாஷிங் (2024, ரோங் ஓர்கன் எண்ட சுவீடன் டீம்) விளையாடி மாசக்கணக்காச்சு, இன்னும் போகேல்ல. அதுவும் சின்ன கேம்தான், ரெண்டு மூண்டு மணித்தியாலம். அதுவும் மூடின பெட்டிதான், டுல்பார் எண்ட சரக்குக் கப்பல், அஞ்சு பேர், விண்வெளியில மோதி நிக்குது. ஆனா அதில ஆக்கள் இருக்கு. கேப்டன் கர்லி உடம்பு முழுக்கக் கட்டுப் போட்டு, ஒரு கண் மட்டும் திறந்தபடி கிடக்கிறார், கதைக்கேலாது, அவர்ட வாய நாங்களே எங்கட கையால திறந்து வலிக்குளிசை போட வேணும். அந்தக் கண் எங்களையே பார்க்குது. முதல் தரம் போடேக்க பாவம் எண்டு நினைச்சுப் போட்டன். கதை முன்னுக்குப் பின்னுக்குப் போய், அந்தக் கப்பலில என்ன நடந்தது, கப்பல் தாதி அன்யாக்கு என்ன நடந்தது, யார் அதத் தெரிஞ்சும் பேசாம இருந்தது எண்டு விளங்கின பிறகு அதே குளிசைய அதே கையால போடேக்க எனக்கு கேம மூடிட்டுப் போகணும் போல இருந்தது (யூடியூப்பில ஒருத்தர் விளையாடுறத முதல் பார்த்தன், பிறகுதான் நானே விளையாடினன்).

அயன் லங்கில அந்தக் கைதி யார்? என்ன குற்றம் செய்தவன்? அவனுக்கு யாரும் இருந்தாங்களா? அந்த உலகத்தில நட்சத்திரம் இல்லாமப் போனத ஒரு பந்தியில சொல்லிட்டு விட்டிட்டாங்க. உட்துறைமுகம், நீங்க சொன்ன வேலை, கணக்கு எல்லாம் சரி, ஆனா அந்த வேலையச் செய்யிறவன் செத்தா நான் அழமாட்டன், ஏனெண்டா அவன எனக்குத் தெரியாது. எங்கட ஊரில பேய்க்கதை சொல்ற பெரியாக்கள் முதல் அந்த ஆள் யார்ட மகன், எந்தத் தெரு, என்ன தொழில் எண்டு சொல்லிட்டுத்தான் பேயக் கொண்டுவருவாங்க. அதில காரணம் இருக்கு.

உட்துறைமுகம்
அக்கா, மவுத்வாஷிங் பற்றி நீங்க சொன்ன ஒவ்வொரு வரியும் சரி, அந்தக் குளிசைக் கட்டம் நான் கண்ணத் திருப்பிக்கொண்டு விளையாடினது. ஆனா அங்கயும் பாருங்க, வாயத் திறக்கிற வேலைய உங்கட கையில தந்ததாலதானே அப்பிடி இருந்தது? அதையே நீங்க சும்மா பார்த்துக்கொண்டு இருந்திருந்தா அவ்வளவு குத்தியிருக்காது. நீங்களே ரெண்டு விதமாவும் பார்த்திருக்கிறீங்க, யூடியூப்பிலயும் கையாலயும், எது கூட?

கைதியப் பற்றி நான் நினைக்கிறது வேற. அவனுக்குப் பேர் குடுத்து, வீட்டில ஒரு பிள்ளை எண்டு ஒரு ஃபோட்டோ ஒட்டி விட்டிருந்தா அவன் வேற ஆளாப் போயிருப்பான், நான் அவனப் பார்த்துப் பரிதாபப்பட்டிருப்பன். இப்ப அந்தப் பெட்டிக்குள்ள நான்தான் இருக்கிறன். அனுப்பினவங்களுக்கு அவன் பேர் தேவையில்ல, படம்தான் தேவை, அவன்ட உயிரின்ட பெறுமதி எவ்வளவு எண்டு அந்த வெல்ட் பண்ணின கதவிலயே சொல்லி முடிச்சிட்டாங்க. உள்ளுக்க இருக்கிற கொம்பியூட்டரில வாசிக்க எழுத்து இருக்கு, அத வாசிச்சா அனுப்பினவங்கட குணம் இன்னும் விளங்கும். கனபேர் அத வாசிக்காமலே முடிக்கிறாங்க.

பாலையூத்து
கையாலதான் கூட. அத நான் ஒத்துக்கொள்றன். ஆனா கை மட்டும் காணாது, யாருக்குச் செய்யிறம் எண்டது தெரியணும். நீங்க சொல்றத வைச்சே சொல்றன், வேலை எண்டா அது ஒருத்தருக்குச் செய்யிற வேலையா இருக்கணும்.

மூதூர்க்காத்து
நான் கேக்க நினைச்சது வேற. எங்கட திருகோணமலைத் துறைமுகத்த வைச்சு இப்பிடி ஒரு கேம் ஏன் ஒருத்தரும் செய்யேல்ல? இவ்வளவு ஆழமான இயற்கைத் துறைமுகம், வாசல் தாண்டின உடன கடலடியில பள்ளத்தாக்கு, திமிங்கிலம் கரைக்குக் கிட்ட வாறதே அந்த ஆழத்தாலதான். 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் குண்டு போட்டது, சீனக்குடா எண்ணெய்த் தாங்கியள் காட்டுக்குள்ள இன்னும் நிக்குது, உள்ளுக்க போய்க் கதைச்சா குரல் சுத்திச் சுத்தி வரும். அண்டைக்குக் குண்டு பட்ட சகைங் கப்பல் துறைமுகத்துக்குள்ளயே 70 வருசத்துக்கு மேல கிடந்து, 2018இல நேவி அத மேல எடுத்தாங்க. ஒரு சின்ன நீர்மூழ்கி, ஒரு மேப், ஒரு கமரா, இதெல்லாம் இஞ்ச வைச்சா எங்கட பெடியளுக்கு எவ்வளவு நெருக்கமா இருக்கும்!

நீலக்கண்ணாடி
தம்பி, துறைமுகத்த வைச்சுச் செய்யுங்க, நல்லது. ஆனா கப்பல வைச்சுச் செய்யிறதெண்டா யோசிச்சுச் செய்யுங்க. அதே நாள் மட்டக்களப்புக்கு நேர வெளியில ஹேர்மிஸ் எண்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல் தாண்டது, 300 பேருக்கு மேல அதோட போனவங்க. அந்தக் கப்பலுக்கு ஆக்களக் கூட்டிப் போறவங்க ஒண்டையும் தொட வேண்டாம், எடுக்க வேண்டாம் எண்டு சொல்லித்தான் இறக்குவாங்க. அது மயானம். இரத்தக் கடல், பூதம் எல்லாம் கற்பனை நிலவில வைச்சா ஒருத்தருக்கும் நோகாது. உண்மையா ஆக்கள் செத்த இடத்தில வைச்சு பொத்தெண்டு ஒரு முகத்தக் காட்டிப் பயப்பிடுத்துறது எனக்குச் சரியாப் படேல்ல.

மடத்தடிச்சந்தி
இதில அயன் லங்குக்கே ஒரு சம்பவம் இருக்கு. 2023 ஜூனில டைட்டானிக் பார்க்கப் போன டைட்டன் நீர்மூழ்கி காணாமப் போய் எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்த நேரம், இந்த கேமின்ட விற்பனை திடீரெண்டு மேல ஏறினது. ஸிமான்ஸ்கி அந்த கிராஃபப் போட்டு, இது பிழையாப் படுது எண்ட மாதிரி எழுதினவர். அந்த நீர்மூழ்கியில அஞ்சு பேர் செத்தவங்க. காசு வருதெண்டு பேசாம இருந்திருக்கலாம், இருக்கேல்ல. எனக்கு அந்த ஆளில மரியாதை கூடினது அதாலதான்.

மூதூர்க்காத்து
நீலக்கண்ணாடி அண்ணன் சொன்னத ஏற்கிறன். ஹேர்மிஸ விடுவம். ஆனா செத்தவங்களப் பற்றிக் கதையே சொல்லக்கூடாதெண்டு நான் நினைக்கேல்ல, எங்கட பக்கம் கடலில போனவங்க கொஞ்சமா, 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரையால இரவில தனிய நடக்காத ஆக்கள் எங்கட வீட்டிலயே இருக்கு. பாலையூத்து அக்கா சொன்ன மாதிரி ஆளச் சொல்லி, ஊரச் சொல்லி, மரியாதையாச் சொன்னா அது நினைவுகூருறதும்தானே. முகத்தப் பொத்தெண்டு காட்டுறதுதான் வேண்டாம்.

அதால கேமின்ட கடைசிக் கட்டத்துக்கு வாறன். முழு கேமும் ஒண்டையும் காட்டாமக் கொண்டுபோய், கடைசியில அது பெட்டிய உடைச்சு உள்ளுக்க வருது, ஸ்கிரீன் நிறைய முகம். எனக்கு அது ஏமாத்தம். ஒரு மணித்தியாலமா என்ட தலைக்குள்ள வளர்த்த உருவம் அதவிட எவ்வளவோ பெரிசு. காட்டினதும் சுருங்கிப் போச்சு. வெளிச்சம் நிண்டு, இரத்தம் உள்ளுக்க ஏறி, சத்தம் மட்டும் கேட்டு முடிஞ்சிருந்தா நான் இரவு நித்திரை கொண்டிருக்க மாட்டன்.

கிண்ணியாப்பாலம்
இதில நான் முழுசா எதிர்ப்பக்கம். காட்டாமலே முடிச்சிருந்தா "அட ஒண்டுமே இல்ல, சும்மா சத்தம் போட்டு ஏமாத்திட்டாங்க" எண்டு சல்லிக்கரை தம்பி முதல் ஆளா எழுதியிருப்பார். வெளியில நிச்சயம் ஒண்டு இருந்தது, நீ கேட்டது பொய் இல்ல எண்டு கேம் கடைசியில கையெழுத்துப் போட்டுத் தருது. அதோட அது எவ்வளவு நேரம் தெரியுது? ஒரு கணம். திருப்பிப் பார்க்க நேரமில்ல. நான் பார்த்தது என்னெண்டு இப்பவும் வடிவாச் சொல்லத் தெரியேல்ல, பல்லு இருந்தது, அவ்வளவுதான்.

இன்னொண்டு, விடுதலை தாறம் எண்டது பொய் எண்டு முதல் நிமிசமே எங்களுக்குத் தெரியும், கதவ வெல்ட் பண்ணினவன் திறக்கிறதுக்காகவா பண்ணினான்? தெரிஞ்சும் கடைசிப் படம் வரைக்கும் எடுக்கிறம். அந்தக் கடைசிப் படத்துக்குப் பட்டன அமத்தினது நான். பெட்டி உடையிறதுக்கு முதல் எனக்கு வந்த நினைப்பு "வேலை முடிஞ்சுது" எண்டதுதான். அதுக்குப் பிறகு முகம் வந்தா என்ன, வராட்டி என்ன, எனக்கு கேம் அந்த இடத்திலயே முடிஞ்சிட்டு.

உட்துறைமுகம்
கிண்ணியாப்பாலம் எழுதின கடைசிப் பந்தியத்தான் நான் முதல் பதிவில சொல்ல வெளிக்கிட்டது. முகத்தில நான் மூதூர்க்காத்து பக்கம், ஒரு சத்தத்தோட முடிச்சிருக்கலாம், அது இந்த கேமின்ட குறைதான், மறைக்கத் தேவையில்ல. ஆனா அந்தக் குறைக்காக முன்னால இருக்கிற முழு மணித்தியாலத்தையும் தள்ளேலாது.

சல்லிக்கரை
காட்டாம முடிச்சிருந்தா நான் திட்டியிருப்பன் எண்டது உண்மைதான், அண்ணன் சரியாச் சொல்லிட்டார். முகம் வந்த இடத்தில மட்டும்தான் நான் கதிரையில இருந்து எழும்பினது. அதுக்கு முதல் நடந்த ஒண்டும் எனக்கு ஏறேல்ல. ஆக்களுக்கு ஆக்கள் வித்தியாசம் போல.

வெள்ளைமணல்_ஏஎல்
அண்ணன்மார் அக்காமார், எல்லாத்தையும் வாசிச்சன், ஸ்பொய்லரும் வாசிச்சிட்டன் பரவாயில்ல. என்ட லப்டொப் பழசு, தனி கிராஃபிக்ஸ் காட் இல்ல. பேங்க் கார்டும் இல்ல, ஒன்லைனில வாங்க வழியில்ல. இப்போதைக்கு எத விளையாடலாம்? பரீட்சைக்குப் படிக்கிறன், அதால சின்னதா இருந்தா நல்லம்.

மடத்தடிச்சந்தி
தம்பி, அயன் லங் பழைய லப்டொப்பிலயும் ஓடும், ஒரே அறைதானே, பெரிய கிராஃபிக்ஸ் ஒண்டும் இல்ல. காசில்லாம எண்டா ரெண்டு சொல்றன். மவுத்வாஷிங் செய்த டீமின்ட முந்தின கேம் ஹவ் ஃபிஷ் இஸ் மேட், 2022இல வந்தது, இலவசம், அரை மணித்தியாலம் அளவில முடியும், ஒரு மீனா நெளிஞ்சு போய் ஒரு முடிவு எடுக்கணும், அவ்வளவுதான், ஆனா விசித்திரமான சாமான். மற்றது ஃபியர்ஸ் டு ஃபத்தம், அதின்ட முதல் எபிசோட் ஹோம் அலோன், அதுவும் ஸ்டீம் எண்ட ஒன்லைன் கேம் கடையில இலவசம், 2021இல வந்தது. அப்பா அம்மா இல்லாத வீட்டில ஒரு பெடியன் தனிய, கதவப் பூட்டுறது, லைட் நிப்பாட்டுறது எண்டு வீட்டு வேலைதான் செய்யிறது. அது உன்ட லப்டொப்பில கொஞ்சம் இழுக்கும், செட்டிங்ஸ எல்லாம் குறைச்சுப் போட்டுப் பார்.

பாலையூத்து
தம்பி ஹோம் அலோன வீட்டில ஆக்கள் இருக்கிற நாள்ல விளையாடுங்க. மீன் கேம முதல் விளையாடுங்க, முடிச்சிட்டு நீங்க என்ன முடிவு எடுத்தனீங்க எண்டு இங்க வந்து எழுதுங்க, அதப் பற்றிக் கதைக்க எனக்குக் கனக்க இருக்கு.

உட்துறைமுகம்
அதோட அயன் லங் எப்பவாவது கிடைச்சா, ஸ்பீக்கரில போட்டு விளையாட வேண்டாம். ஹெட்ஃபோன் கட்டாயம், விலை கூடினது தேவையில்ல, ரெண்டு பக்கமும் வேலை செய்தாக் காணும். ஒரு பேப்பரும் பேனையும் பக்கத்தில வைச்சு, ஒவ்வொரு திருப்பத்திலயும் எக்ஸ், வை, கோணம் மூண்டையும் எழுதிக்கொண்டு போ. சத்தம் கேட்டாலும் எழுதி முடிச்சிட்டுத்தான் திரும்பணும்.